180 ஹெர்ட்ஸைத் துரத்திய நான்கு மாதங்கள்

இருபது ஆண்டுப் பழைய ஹெச்.எஃப். டிரான்சீவர் ஒன்றை, அதாவது அமெச்சூர் வானொலிக்காரர்கள் (ஹாம்கள்) சிற்றலையில் பேசவும் கேட்கவும் வைத்திருக்கும் ரேடியோவை, சேமிப்பில் பெரும்பகுதியைக் கொடுத்து வாங்கியிருந்தேன். இரண்டாவது மாதம், 14 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் வழக்கமாகக் கூடும் நெட்டில் (பலர் ஒரே அதிர்வெண்ணில் முறைவைத்துப் பேசும் கூட்டம்) என் அழைப்புக்குறியைச் சொல்லி முடித்ததும் ஒருவர், “நீங்கள் 180, 200 ஹெர்ட்ஸ் மேலே இருக்கிறீர்கள். உங்களுக்கு ஏற்றபடி டியூன் செய்தாலும் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போலத்தான் இருக்கிறது” என்றார். சொன்னவர் நல்ல மனிதர், அக்கறையோடுதான் சொன்னார். எனக்குத்தான் காது சூடாகிவிட்டது. பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருக்கும் இடத்தில், சட்டையின் பொத்தான் மாறிப் போட்டிருப்பதை யாரோ உரக்கச் சொன்னது போல இருந்தது. நெட் முடிவதற்குள் ரேடியோவின் மேல்மூடித் திருகுகளைக் கழற்றத் தொடங்கியிருந்தேன். அடுத்த நான்கு மாதங்கள் போனது அந்த அவசரத்தால்தான். அந்த நண்பர் தன் வாயாலேயே என்ன கோளாறு என்று பாதி சொல்லியிருந்தார், நான் அதைக் காதில் வாங்கவில்லை.

எதைத் திருப்பினேன் என்பது புரிய வேண்டுமானால் ரேடியோவின் உள்ளே இருப்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த வகைப் பழைய ரேடியோவில் அதிர்வெண்ணைத் தீர்மானிப்பவை இரண்டு. ஒன்று, நிலையான ஓர் அதிர்வெண்ணைத் தரும் ஆதாரக் கிறிஸ்டல் ஆஸிலேட்டர். மற்ற அதிர்வெண்களை உருவாக்கும் சின்தசைசர் முழுக்க அதைத்தான் அளவுகோலாக வைத்துக்கொள்கிறது. அதன் பிழை விகிதத்தில் வரும். அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் 7 மெகாஹெர்ட்ஸில் 7 ஹெர்ட்ஸ், 14இல் 14, 28இல் 28. மற்றொன்று, எஸ்.எஸ்.பி.க்கான (குரலை ஒரே ஒரு பக்கப்பட்டையில் மட்டும் அனுப்பும் முறை) கேரியர் ஆஸிலேட்டர், அதாவது குரல் ஏறி அமரும் அடிப்படை அலையை உருவாக்குவது. மேல் பக்கப்பட்டைக்கு ஒன்று (14, 28இல் பேசுவது இதில்), கீழ் பக்கப்பட்டைக்கு ஒன்று (7இல் பேசுவது இதில்), மோர்ஸுக்கு ஒன்று என்று என் ரேடியோவில் தனித்தனியாக இருந்தன. அவற்றில் ஒன்று 180 ஹெர்ட்ஸ் நகர்ந்தால், நீங்கள் எந்தப் பட்டைக்குப் போனாலும் அதே 180தான். இந்த ஒரு வேறுபாட்டை மட்டும் அன்று யோசித்திருந்தால், “இதே பிழை 28இலும் இருக்கிறதா? 7இல் கீழ் பக்கப்பட்டையில் பேசினால் சரியாக வருகிறதா?” என்று நண்பரிடம் இரண்டே கேள்வி கேட்டிருப்பேன். 7இல் அதுவரை யாரும் என்னைக் குறை சொன்னதில்லை. அதுவே பாதி விடை.

மீதிப் பாதி விடை, அந்தப் போர்வைக் குரல். கேரியர் தன் இடத்திலிருந்து நகரும்போது, குரலின் பட்டையை மட்டும் கடக்கவிடும் ஃபில்டர் நகர்வதில்லை. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் மாறிவிடுகிறது. கேரியர் ஃபில்டரை நெருங்கினால் குரலின் அடித்தொனி கூடி, கூர்மை வெட்டுப்படும், மூடிய வாய்க்குள் பேசுவது போல இருக்கும். விலகினால் அடித்தொனி போய், தகரத்தில் தட்டுவது போலக் கேட்கும். ஆதார ஆஸிலேட்டர் மட்டும் பிசகியிருந்தால், கேட்பவர் சற்று டியூன் செய்த உடனே குரல் இயல்பாகிவிடும். டியூன் செய்த பிறகும் குரல் மாறவில்லை என்றால் சந்தேகம் கேரியர்மேல் விழ வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள எந்தக் கருவியும் வேண்டாம். நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் வெறும் இரைச்சலைக் கேட்டபடி மேல் பக்கப்பட்டைக்கும் கீழ் பக்கப்பட்டைக்கும் மாறி மாறிப் போய்ப் பாருங்கள். இரைச்சலின் நிறம் இரண்டிலும் ஒன்றாக இருக்க வேண்டும். என் ரேடியோவில் மேலே ‘ஹோ’ என்றும் கீழே ‘ஸ்ஸ்’ என்றும் கேட்டது. வாங்கிய நாள் முதல் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. பழைய ரேடியோவின் சுபாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, திருப்புளிக்கு வருகிறேன். என்னிடம் விலை மலிவான கையடக்க அதிர்வெண் கவுண்டர் ஒன்று இருந்தது. ரேடியோவை டம்மி லோடில் (ஆண்டெனாவுக்குப் பதிலாகத் திறனை வாங்கி வெப்பமாக்கிவிடும் சுமை) மாட்டி, லோடின் அருகே ஒரு சிறு கம்பி வளையத்தை வைத்து, அதைக் கவுண்டருக்குக் கொடுத்தேன். (இதை மட்டும் ஒழுங்காகச் செய்தேன். 100 வாட்டை நேரே கவுண்டரின் வாயில் ஊற்றினால் கவுண்டர் அன்றோடு போகும். 5 வாட் கையடக்க ரேடியோவுக்கும் இதே கதைதான்.) எஸ்.எஸ்.பி.யில் பேசாதபோது அளப்பதற்கு அலையே கிடையாது, அதனால் மோர்ஸ் முறையில் விசையை அழுத்தினேன். திரையில் 28.500000. கவுண்டரில் 28.500190. நண்பர் சொன்ன 180, 200க்குச் சொல்லிவைத்தாற்போல நடுவில் விழுந்தது எண். அந்த நொடியில் எனக்கு இருந்த நிம்மதியை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. 14இல் 190 என்று சொன்ன பிழை, 28இலும் 190 என்று வருகிறதே, விகிதக் கணக்குப்படி இரட்டிப்பாக அல்லவா இருக்க வேண்டும் என்று ஒரு கணம்கூட உறைக்கவில்லை. எண் பொருந்திவிட்டது, அவ்வளவுதான்.

ஆதார ஆஸிலேட்டரின் டிரிம்மரை, அதாவது அதிர்வெண்ணைச் சற்றே நகர்த்தும் சிறு திருகை, தேடிக் கண்டுபிடித்து, கைக்குக் கிடைத்த உலோகத் திருப்புளியால் திருப்பினேன். திருப்புளி பட்டவுடன் எண் ஒரு பக்கம் தாவியது, எடுத்தவுடன் மறுபக்கம் தாவியது. நம் கையும் உலோகமும் சேர்ந்து ஒரு சிறு மின்தேக்கியாகி அந்தச் சுற்றோடு இணைந்துகொள்கின்றன. இதற்கென்றே நைலானிலும் பீங்கானிலும் சீரமைப்புக் கோல்கள் விற்கிறார்கள். ரேடியோவின் விலையோடு ஒப்பிட்டால் அவை ஒன்றுமே இல்லை. அது வந்து சேர இரண்டு நாள் ஆகும் என்பதால் நான் காத்திருக்கவில்லை. திருப்பு, எடு, பார், மறுபடி திருப்பு என்று நாற்பது நிமிடம் போராடி 28.500000க்குக் கொண்டுவந்தேன். தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால் 40 ஹெர்ட்ஸ் நகர்ந்திருந்தது. ரேடியோவைப் போட்டவுடனே வேலையைத் தொடங்கியிருந்தேன், அதுவும் மூடியைத் திறந்து வைத்து. கிறிஸ்டல் இன்னும் சூடேறிக்கொண்டிருந்தது, நான் அதன் வாலைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தேன். குறைந்தது ஒரு மணி நேரம் ரேடியோ ஓடட்டும். டிரிம்மரைத் தொடும்போது மட்டும் மூடியைத் தூக்குங்கள், மற்ற நேரம் அது ரேடியோவின் மேலேயே இருக்கட்டும். நீங்கள் அதைப் பயன்படுத்தப்போவது மூடியோடுதான்.

அடுத்த நாள் நெட்டில் நண்பர், “நேற்றைக்கு இன்று தேவலை. பாதிதான் இருக்கிறது, ஒரு 95 இருக்கலாம்” என்றார். பாதி குணமாகிவிட்டது என்றால் மீதியையும் அதே மருந்தால் குணப்படுத்தலாம் அல்லவா? கவுண்டரை ஓரமாக வைத்துவிட்டு, நண்பரைக் கேட்கச் சொல்லி, அவர் “சரி, அங்கேயே நிறுத்துங்கள்” என்று சொல்லும்வரை டிரிம்மரைத் திருப்பினேன். கிட்டத்தட்ட அதன் எல்லைக்கே போய் நின்றது. இது ஓர் எச்சரிக்கை. நன்றாக இருக்கும் கிறிஸ்டலின் டிரிம்மர் நடுவாக்கில் எங்காவதுதான் நிற்கும். ஓரத்தில் போய் முட்டினால்தான் சரியான எண் வருகிறது என்றால், தவறு வேறெங்கோ இருக்கிறது, நாம் அதை இங்கே ஈடுகட்டிக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். எனக்கோ வெற்றிக் களிப்பு. 14இல் நான் இப்போது துல்லியம். குரல் மட்டும் இன்னும் போர்வைக்குள்ளேயே இருந்தது. மைக் பழையது என்று அதன்மேல் பழியைப் போட்டு, புது மைக் ஒன்றும் வாங்கினேன். அதுவும் வீண் செலவு.

களிப்பு ஒரு வாரம் நீடித்தது. 7இல் கீழ் பக்கப்பட்டையில் பேசினால் 90 ஹெர்ட்ஸ் கீழே இருக்கிறீர்கள் என்றார்கள். 28இல் மேல் பக்கப்பட்டையில் போனால் 180 கீழே என்றார் வேறொருவர். முதல் நாள் 180 மேலே, இன்று 180 கீழே. ரேடியோ என்னைப் பார்த்துக் கண் சிமிட்டுவது போல இருந்தது. இரவெல்லாம் உட்கார்ந்து சேவைக் கையேட்டின் நகலைப் புரட்டினேன். கீழ் பக்கப்பட்டையின் கேரியருக்குத் தனிச் சுருள் ஒன்று இருப்பதைக் கண்டேன். ‘ஆகா, இதுதான் குற்றவாளி’ என்று, சரியாக இருந்த ஒரே பாகத்தையும் தேடிப் போனேன்.

அந்தச் சுருளின் நடுவில் மரையிட்ட ஃபெரைட் துண்டு ஒன்று இருக்கும். அதைத் திருகினால் உள்ளே போய் வெளியே வரும், அதிர்வெண் மாறும். தொழிற்சாலையில் அது அசையாமலிருக்க ஒரு துளி மெழுகு வைத்திருந்தார்கள். மெழுகைச் சூடாக்கி இளக்க வேண்டும் என்று தெரியாது. துண்டின் வாய் அறுகோணமானது, அதற்கு அறுகோணக் கோல்தான் போட வேண்டும் என்றும் தெரியாது. தட்டைத் திருப்புளியை அதன் மூலைக்கு மூலை வைத்து அழுத்தித் திருப்பினேன். முதலில் அசையவில்லை. கொஞ்சம் பலம் கொடுத்தேன். முறுக்கைக் கடித்தது போல ‘நறுக்’ என்று ஒரு சின்ன ஓசை. திருப்புளி இலேசாகச் சுற்றியது, ஆனால் கவுண்டரில் எண் மாறவில்லை. விளக்கைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தேன். சுருளின் வாயில் கரும்பொடி, அதற்குக் கீழே இரண்டாகப் பிளந்த துண்டு, பிளவில் மாட்டிக்கொண்ட மெழுகு. கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். யாராவது அறைக்குள் வந்தால் என்ன சொல்வது என்றுதான் முதலில் யோசித்தேன், அது ஏனென்று இன்றும் தெரியவில்லை.

அந்தச் சுருள் தயாரிப்பில் இல்லை. பழுது பார்ப்பவர் ஒருவரிடம் கொடுத்தேன். பாகத்துக்காகக் கழித்துப் போட்ட இன்னொரு ரேடியோ கிடைக்கும்வரை காத்திருக்கச் சொன்னார். மூன்று மாதம் ஆனது. கூலியும் சுருளும் சேர்ந்து, நான் ரேடியோவுக்குக் கொடுத்ததில் பாதிக்கு மேல் போய்விட்டது. அவர் சுருளை மாற்றித் தந்தார், சீரமைப்பு, அதாவது அதிர்வெண்ணைச் சரியாக அமைக்கும் அலைன்மெண்ட், செய்து தரவில்லை. அதைச் செய்து தருவதாக அவர் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. ‘பழுது பார்த்தல்’ என்றால் அதில் அலைன்மெண்டும் அடக்கம் என்று நினைத்தது என் அனுமானம். கொடுக்கும்போதே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

ரேடியோ கைக்கு வந்ததும் ஒரு மூத்த ஹாமிடம் முழுக் கதையையும் சொன்னேன். அவர் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. முடித்த பிறகு, “தம்பி, உங்கள் கவுண்டர் சரி என்று உங்களுக்கு யார் சொன்னது?” என்று மட்டும் கேட்டார். கவுண்டருக்குள் இருப்பதும் ஒரு கிறிஸ்டல்தான். அதன் திரையில் எட்டு இலக்கம் ஒளிர்வதால் எட்டு இலக்கமும் உண்மையாகிவிடாது. இலக்கங்களின் எண்ணிக்கை வேறு, நம்பகம் வேறு. அவரிடம் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் நேரத்தோடு பூட்டப்பட்ட 10 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர் ஒன்று இருந்தது. அது நூறு கோடியில் ஒரு பங்கைவிடவும் நுட்பமாக நிற்கக்கூடியது, நம் வேலைக்கு எள்ளளவும் குறையில்லாதது. அதை என் கவுண்டரில் இணைத்தோம். 10.000060 என்று காட்டியது. பத்து லட்சத்துக்கு 6 கூட்டிச் சொல்கிறது என் கவுண்டர். 28.5 மெகாஹெர்ட்ஸில் அது 171 ஹெர்ட்ஸ். அன்று நான் பார்த்த 190இல் 171 கவுண்டர் இட்டுக்கட்டியது. ரேடியோவின் சொந்தப் பிழை வெறும் 19. ஆதார ஆஸிலேட்டரை நான் தொட்டிருக்கவே வேண்டியதில்லை.

ஜி.பி.எஸ். ஆஸிலேட்டர் எல்லோரிடமும் இருக்காது. தேவையும் இல்லை என்றார் அவர், வானத்திலேயே அளவுகோல் இருக்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து ஃபோர்ட் காலின்ஸிலிருந்து டபிள்யூ.டபிள்யூ.வி., ஹவாயிலிருந்து டபிள்யூ.டபிள்யூ.வி.ஹெச்., சீனாவிலிருந்து பி.பி.எம். ஆகிய நேர நிலையங்கள் 5, 10, 15 மெகாஹெர்ட்ஸில் அணுக் கடிகாரத் துல்லியத்தோடு ஒலிபரப்புகின்றன. (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்பதையும் ஆங்கில எழுத்துகளால் சுருக்கித் தமிழில் எழுதினால் அதே ‘பி.பி.எம்.’தான் வரும். அதனால்தான் இந்தக் கட்டுரை முழுக்க நீட்டி முழக்குகிறேன்.) மாஸ்கோவின் ஆர்.டபிள்யூ.எம். நிலையம் 4.996, 9.996, 14.996இல் இருக்கிறது. எங்கே இருந்தாலும் நாளின் ஏதாவது ஒரு பொழுதில் இவற்றில் ஒன்றாவது கேட்கும், பெரும்பாலும் 10இல். இரண்டு நிலையங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலும் கவலையில்லை, இரண்டின் அலையும் அதே இடத்தில்தான் நிற்கும்.

நான் இவற்றைப் பற்றிப் படித்திருந்தேன். ஆனால் நான் படித்த முறை ஜீரோ பீட். அதாவது, 10.000க்கு டியூன் செய்து, நிலையத்தின் அலையும் நம் கேரியரும் மோதி எழும் விம்மல் மறையும்வரை திருப்புவது. எஸ்.எஸ்.பி. ஃபில்டர் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலானதை வெட்டிவிடுகிறது, ஸ்பீக்கரும் காதும் மிச்சத்தைக் கைவிடுகின்றன. 50 ஹெர்ட்ஸ் பிழை இருந்தாலும் ‘மறைந்துவிட்டது’ என்றுதான் தோன்றும். அவர் காட்டிய வழி வேறு. திரையில் 9.999 வைத்து மேல் பக்கப்பட்டையில் கேட்டால் சரியாக 1000 ஹெர்ட்ஸ் ஒலி வர வேண்டும். 10.001 வைத்துக் கீழ் பக்கப்பட்டையில் கேட்டாலும் அதே 1000 வர வேண்டும். அந்த ஒலியைக் கணினியின் ஒலி அட்டைக்குக் கொடுத்து, அலைமாலை காட்டும் ஏதாவதொரு மென்பொருளில் எண்ணாகப் படிக்கலாம். ‘ஒலி அட்டையும் பிழையானதாக இருந்தால்?’ என்று நான் உடனே கேட்டேன், சூடு கண்ட பூனையாயிற்றே. அது பத்து லட்சத்துக்கு 100 பிசகினாலும் 1000 ஹெர்ட்ஸில் வரும் வேறுபாடு 0.1 ஹெர்ட்ஸ்தான். எதை எந்த அளவில் அளக்கிறோம் என்பதில்தான் சூட்சுமம்.

இரண்டு நாள் திருப்புளியைத் தொடவே இல்லை, எண்களை மட்டும் சேகரித்தேன். மேல் பக்கப்பட்டையில், ஒரு கிலோஹெர்ட்ஸ் கீழே வைத்து, இரவில் 5 மெகாஹெர்ட்ஸ் நிலையம் 884 ஹெர்ட்ஸ். 10இல் 947. பகலில் 15இல் 1010. காகிதத்தில் மூன்று புள்ளி வைத்தேன். அடிக்கோல் வைத்து வரைந்தது போல நேர்கோடு. 5 மெகாஹெர்ட்ஸுக்கு 63 ஹெர்ட்ஸ் ஏறுகிறது என்றால் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 12.6, அதாவது ஆதார ஆஸிலேட்டர் பத்து லட்சத்துக்கு 12.6 கீழே கிடக்கிறது. நான் இழுத்துவிட்ட தூரம் அது. அதே கோட்டைப் பின்னால் சுழி மெகாஹெர்ட்ஸ்வரை நீட்டினால் 821இல் போய் முட்டுகிறது. 1000க்கும் 821க்கும் உள்ள 179தான், எந்தப் பட்டைக்குப் போனாலும் மாறாத கேரியர் பிழை. பள்ளியில் சாய்வு, வெட்டுத்துண்டு என்று மனப்பாடம் செய்தது எங்காவது பயன்படும் என்று நினைத்ததே இல்லை. நண்பர் முதல் நாள் சொன்ன 180, காகிதத்தின் இடது ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

இந்த முறையின் சிறப்பு, இரண்டு பிழைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருந்தாலும் பிரித்துக் காட்டிவிடும் என்பதே. என் ரேடியோவில் 14.2இல் இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு சுழியாக நின்றன. அங்கே மட்டும் அளந்திருந்தால் ரேடியோ நூற்றுக்கு நூறு. ஒரே ஓர் அதிர்வெண்ணில் சரியாக இருப்பதை வைத்து எதையும் நம்பாதீர்கள். ஒரு சின்ன எச்சரிக்கையும் உண்டு. சில ரேடியோக்களில் நடுவில் அதிர்வெண்ணை மாற்றும் கலப்பான் ஒன்றுக்குத் தனிக் கிறிஸ்டல் இருக்கும், அது ஆதாரத்தோடு பூட்டப்படாது. அப்போது அதன் பிழையும் மாறாப் பிழையின் கணக்கில் சேர்ந்துவிடும், அதுவும் இரண்டு பக்கப்பட்டையிலும் ஒன்றுபோல. சுற்று வரைபடத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

திருத்தும் வேலை அரை நாள்தான். ஒன்றரை மணி நேரம் ரேடியோவைச் சூடாக்கினேன். முதலில் ஆதார ஆஸிலேட்டர். கேரியர் பிழையை இன்னும் தொடாததால், 15 மெகாஹெர்ட்ஸில் இலக்கு 1000 அல்ல, 821. இங்கே அவசரப்பட்டு 1000க்குக் கொண்டுபோனால் பழைய கதைதான். பீங்கான் கோலால் மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் கையை எடுத்து, மூடியை வைத்து, ஐந்து நிமிடம் பொறுத்துப் படித்தேன். டிரிம்மர் நடுவாக்கில் வந்து நின்றபோதே மனம் லேசானது. 10 மெகாஹெர்ட்ஸுக்குப் போனேன், அங்கும் 821. அதன் பிறகுதான் மேல் பக்கப்பட்டையின் கேரியர் சுருள். மெழுகை முடி உலர்த்தியால் இளக்கி, அறுகோண நைலான் கோலைப் பொருத்தி, கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பினேன். 1000. கூடவே இரைச்சல் ‘ஹோ’விலிருந்து ‘ஸ்ஸ்’ஸுக்கு மாறியதைக் காதால் கேட்டேன். அந்த ஓசை மாறியபோது எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியை எந்த எண்ணும் தரவில்லை. கடைசியாக, புதிதாகப் போட்ட கீழ் பக்கப்பட்டைச் சுருளை 10.001இல் 1000க்குக் கொண்டுவந்தேன்.

விடியலிலும் அந்தியிலும் இந்த வேலையைச் செய்யாதீர்கள். அயனிமண்டலம் அப்போது ஏறி இறங்குவதால், டாப்ளர் விளைவில் நிலையத்தின் ஒலியே மெல்ல அசையும். பெரும்பாலும் ஒரு ஹெர்ட்ஸ் அளவுதான், ஆனால் கடைசி ஹெர்ட்ஸுக்காக நீங்கள் கோலைத் திருப்பிக்கொண்டிருக்கும்போது அதுவே பைத்தியம் பிடிக்க வைக்கும். இன்னொரு குறுக்குச் சோதனை டபிள்யூ.டபிள்யூ.வி. கேட்கும் இடங்களில் இருப்பவர்களுக்கு. அது சில நிமிடங்களில் 500, சில நிமிடங்களில் 600 ஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பும். 10.000இல் வைத்து, அந்த ஒலி வரும்போது பக்கப்பட்டையை மாற்றிப் பாருங்கள். சுருதி மாறாவிட்டால் ரேடியோ சரி.

இதே சூட்டில் என் கையடக்க எஃப்.எம். ரேடியோவையும் பார்த்தேன், அதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதில் டிரிம்மர் இல்லை, சேவைப் பட்டியலில் ஓர் எண்ணை மாற்றினால் அதிர்வெண் நகரும். அந்தப் பட்டியலுக்குள் போனவுடன் முதலில் எல்லா எண்களையும் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள், அல்லது ரேடியோவின் நினைவகத்தைக் கணினியில் நகலெடுத்து வையுங்கள். திறன், ஸ்குவெல்ச் (நிலையம் இல்லாதபோது இரைச்சலை அடக்குவது), டீவியேஷன் (குரலுக்கேற்ப அதிர்வெண் விலகும் அளவு) எல்லாம் அடுத்தடுத்த வரியில் இருக்கும், ஒரு பொத்தான் தவறினால் எதை மாற்றினோம் என்றே தெரியாது. 145ஐ விட 435 மெகாஹெர்ட்ஸில் அளப்பது நல்லது, அதே பிழை அங்கே மூன்று மடங்காகத் தெரியும். குரலோடு சேர்ந்து போகும் சி.டி.சி.எஸ்.எஸ். என்ற தாழ்ந்த தொனியை அணைத்துவிட்டு, மைக்கை விரலால் மூடிக்கொண்டு அளக்க வேண்டும், இல்லையென்றால் எண் ஒரு நிலையில் நிற்காது. என்னுடையது 435இல் 300 ஹெர்ட்ஸ் பிசகியிருந்தது. 5 கிலோஹெர்ட்ஸ் டீவியேஷனுள்ள எஃப்.எம்.முக்கு இது பிழையே அல்ல. டி.எம்.ஆர். போன்ற டிஜிட்டல் முறை என்றால் யோசித்திருப்பேன், அங்கே குறியீடுகள் நடு அதிர்வெண்ணிலிருந்து இருபுறமும் 648, 1944 ஹெர்ட்ஸ் விலகி நிற்பதால் சில நூறு ஹெர்ட்ஸ் பிழைவீதத்தைக் கூட்டிவிடும். அப்படியே மூடி வைத்துவிட்டேன். நான்கு மாதத்துக்கு முந்தைய நான் அதையும் திருப்பியிருப்பேன்.

ஹெச்.எஃப். ரேடியோவின் மேல்மூடியின் உட்புறத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறேன். அன்றைய தேதி, அறையின் வெப்பம், 5, 10, 15இல் வந்த ஒலிகள், எந்தச் சுருளை எவ்வளவு திருப்பினேன் என்ற விவரம் எல்லாம் அதில் இருக்கின்றன. கவுண்டரின் முதுகிலும் ஒரு சீட்டு, ‘பத்து லட்சத்துக்கு 6 கூட்டிச் சொல்லும்’ என்று. ஓராண்டு கழித்து, போன மாதம், ஒரு மணி நேரம் சூடாக்கி மறுபடி அளந்தேன். 15 மெகாஹெர்ட்ஸில் 1003 வந்தது. பத்து லட்சத்தில் 0.2. காகிதத்தில் அந்த எண்ணையும் தேதியையும் எழுதிவிட்டு மூடியைத் திருகினேன்.